பன்னிரண்டு பேர் சொன்னது

வில்மா கட்லிப்புக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. தன் முடிதிருத்தும் கடையைச் சாத்திவிட்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டாள். இருக்காதா பின்னே? ஜூரியாக ஒரே அறையில் அடைபட்டு, சண்டை போட்டு, இறைச்சி வைத்த பெப்பரோனி ரோல் தின்று, பன்னிரண்டு பேரும் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்களே! டார்ல் ஸ்டம்ப் மேற்கு வர்ஜீனியாவின் அரசுக் காட்டில் விலை உயர்ந்த ஜின்செங் மூலிகை வேரைத் திருட்டுத்தனமாகத் தோண்டியது குற்றம். வனக்காவலரின் வண்டியைக் கொளுத்தியதாகச் சொன்னது நிரூபணமாகவில்லை. இப்படித் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். இன்றைக்குத் தண்டனை. அதைக் கேட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்து பவுலிங் ஆடப் போவதாகத் திட்டம்.

வராந்தாவில் டார்லின் வக்கீல்தான் குட்டையைக் குழப்பினார். "ஜட்ஜ் வண்டியையும் சேர்த்துப் பார்ப்பார் போலிருக்கு. அஞ்சு வருஷம்கூட ஆகலாம்."

"வண்டி விஷயத்துலதான் நாங்க குத்தமில்லைன்னு சொல்லிட்டோமே," என்றாள் வில்மா.

"குத்தம்னு சொல்ல உங்களுக்குத் துளி சந்தேகமும் இருக்கக் கூடாது. தண்டனை போடறப்ப அவருக்குப் பாதிக்கு மேல அப்படித்தான்னு தோணினாலே போதும். சட்டம் அப்படி இருக்கு."

கூட ஜூரியாக இருந்த கசாப்புக்கடை ஹோமருக்கு மீசை துடித்தது. "அப்ப எங்களை எதுக்குத் தம்பி உள்ள போட்டுப் பூட்டினீங்க? ரோல் திங்கவா?"

வில்மாவுக்குச் சுருக்கென்றது. அந்த வண்டிக்காக அவள் தூக்கமில்லாமல் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

உள்ளே போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பழக்க தோஷம், ஜூரிக் கூண்டில் உட்கார்ந்த அதே வரிசை! கார் நிறுத்தப் போன ஜூரி ஒன்பதாம் எண்காரருக்கு இடம்கூட விட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் அதில் உட்காரப் போக, "அது ஒன்பதாம் நம்பரோட எடம்ங்க," என்று ஹோமர் தடுத்தார். வில்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்போது டார்ல் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. வில்மா கைக்குட்டையை மடியில் இறக்கினாள்.

நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்தார். "ஜூரி என்ன சொல்லியிருந்தாலும், வண்டியைக் கொளுத்தினதும் இவன்தான்னு எனக்குத் தோணுது."

வில்மா எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"எனக்கும்தான் தோணிச்சு, ஐயா. தோணினா மட்டும் போதாதுன்னு அன்னிக்கு எங்களுக்குச் சொன்னது நீங்கதானே?"

கோர்ட்டுக் காவலர் அவளை நோக்கி நகர்ந்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பெஞ்சை ஒரு தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். அந்தக் காலியிடத்தையும் பார்த்தார். உதட்டோரம் லேசாகக் கோணியது.

"உக்காரும்மா. சொன்னேன்தான்." பிறகு டார்ல் பக்கம் திரும்பினார். "வேருக்கு ஆறு மாசம். வண்டியைப் பத்தி எனக்குத் தோணினது என்னோடவே இருக்கட்டும்."

வில்மா உட்கார்ந்தாள். ஒன்பதாம் எண்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து தன் இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஏதாவது நடந்துச்சா?" என்றார்.

"ஒண்ணுமில்ல," என்றாள் வில்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நாம அன்னிக்குச் சொன்னதையே இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு."