கல்லில் ஏறிய மெர்காதா

கிரேக்கச் சிற்றூர் ஒன்றின் யூத ஜெபாலயத்து முற்றத்தில் கல்தச்சன் தனாசிஸ் பளிங்குப் பலகையில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தான். நாஜிகள் கொண்டுபோய்க் கொன்றவர்களின் பட்டியலை எழுதிக் கொடுத்தவர் பேப்போ. ஊரில் மிச்சமிருக்கும் ஏழு யூதர்களில், பழைய யூதர் தெருவில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்ல அவர் ஒருவர்தான் உண்டு. ஒரு பெயருக்கு முன்னால் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எடுத்தார். மெர்காதா பார்தோ, வயது ஐந்து.

அந்தப் பாவம் அவருடையது. நாஜிகளின் லாரிகள் வருவதற்கு முந்தின நாள், அவள் அம்மா எட்டு வயதுப் பேப்போவைக் கூப்பிட்டு, "ஓடிப் போய் கழுதைக்கார லாம்ப்ரோஸை வரச் சொல்லுடா. பிள்ளையையாவது மலைக்கு அனுப்பிடறேன்" என்றாள். பயல் ஆற்றங்கரையில் விளையாட்டைப் பார்த்தான், மறந்தே போனான். அன்றைக்கே அவன் வீட்டார் அவனை இழுத்துக்கொண்டு மலையேறிவிட்டார்கள். போர் முடிந்து திரும்பினால் பார்தோ வீடு ஆளில்லாமல் திறந்து கிடந்தது. கட்டி ஐம்பது வருஷமான பெண்டாட்டியிடம்கூட அவர் மூச்சு விட்டதில்லை. வருஷா வருஷம் அந்தக் குழந்தைக்கு விளக்கேற்றுவார். அன்று சோறு இறங்காது.

மத்தியானம் ஏதென்ஸிலிருந்து லூனா என்று ஓர் அம்மாள் வந்தாள். பார்தோ வீட்டுப் பெயர்களை விரலால் தடவிக்கொண்டே வந்தவள், மெர்காதாவில் சட்டென்று நின்றாள்.

"இதை யாரு எழுதினது?"

"நான்தாம்மா எழுதிக் குடுத்தேன். இவ பார்தோ வீட்டுப் பொண்ணு," என்றார் பேப்போ.

"அவங்களுக்கு ஒரே பொண்ணு. அது நான்."

பேப்போ பலகையைத் தொட்டுக் காட்டினார். "அவ பேரு மெர்காதா இல்லையா?"

"கைக்குழந்தையில காய்ச்சல்ல கிடந்தேன். சாவு ஏமாந்து போகட்டும்னு என்னைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு காசுக்கு வித்தாங்க. வாங்கின பிள்ளைன்னு நம்ம பாஷையில மெர்காதா ஆயிட்டேன். அப்படிக் கூப்பிட்டவங்க எல்லாம் போயிட்டாங்க. பதிவேட்டுல இருந்த லூனாதான் மிச்சம்."

"லாம்ப்ரோஸ்கிட்ட நான் சொல்லவே இல்லையே," என்று அவர் வாய் உளறியது. அப்புறம் என்ன, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

லூனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தப் பேப்போவா நீ? உன்னை நம்பி உக்காந்திருந்தா நான் போய்ச் சேந்திருப்பேன். சாயங்காலம் அம்மாவே என்னைத் தூக்கிட்டுப் போய் அவன் கழுதை மேல உக்கார வச்சா. அப்பாவைக் கூட்டிட்டு வரேன்னு திரும்பிப் போனா."

பேப்போ அப்படியே தரையில் உட்கார்ந்து, வெட்கம் மானம் பார்க்காமல் விம்மி விம்மி அழுதார். அப்பாடா, பிள்ளை சாகவில்லை. அவர் கொல்லவில்லை.

தனாசிஸ் தலையைச் சொறிந்தான். "ஆழமா வெட்டிட்டேனே ஐயா. இந்தப் பேரைத் தேய்ச்சு எடுக்க மூணு நாள் ஆகும்."

"முப்பது நாள் ஆகட்டும்," என்று எழுந்த பேப்போ, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தேய்ப்புக் கல்லை அவனிடமிருந்து வாங்கினார்.

"பாத்துத் தேய்," என்றாள் லூனா. "மேல எங்கம்மா பேரு இருக்கு."

அவள் அம்மாவின் பெயரை இடது கையால் மூடிக்கொண்டு அவர் தேய்க்க ஆரம்பித்தார்.