மச்சான் சொன்ன ஊசிக் கதை

என் வீட்டுக்காரர் அழகுமுத்துவுக்கு வாய் சும்மா இருக்காது. தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மெஷின் ஓடுகிற இரைச்சலுக்குள் வருஷக்கணக்காகக் கத்திப் பேசியே பழகிய மனிதர். வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால்கூட, பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் பேச்சில் பாதி கேலி, மீதி புளுகு. அதைக் கேட்பதற்கென்றே எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்தில் முதல் ஆள் என் அண்ணன் மாயாண்டி.

எங்களுடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். என்னை அழகுமுத்துவுக்குக் கொடுத்த அதே பந்தலில் அவருடைய தங்கை ராக்காயியை என் அண்ணன் கட்டிக்கொண்டார். அதனால் நானும் ராக்காயியும் ஒருவரையொருவர் அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். ஆண்கள் இருவரும் இரண்டு பக்கத்தாலும் மச்சான். கேலிக்குக் கேட்கவா வேண்டும்! ஒரு தடவை "தொர ஒன்னையக் கூப்புடுறாரு" என்று சொல்லி, கொட்டுகிற மழையில் இவரைப் பங்களா வரைக்கும் ஓடவிட்டார் அண்ணன். அதற்குப் பதிலாக இவர், அண்ணனுக்கு ராகலையில் லொத்தர் சீட்டில் பரிசு விழுந்திருக்கிறது என்று ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார். கடன் கேட்டு வந்தவர்களைக் கண்டு அண்ணன் வீட்டின் பின்பக்கமாக ஓடினார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மச்சான் முறையில் கோபித்துக்கொண்டால் அவனை ஆளாக மதிக்க மாட்டார்கள். மச்சான் ஒன்றைச் சொன்னால் அது அப்படி இருக்காது என்று எடுத்துக்கொள்வது இருவருக்கும் கைவந்த பழக்கம்.

அறுபத்தோராம் வருஷம் இவருக்கு நீர் பிரிவதில் தகராறு வந்தது. தேயிலைச் செடிக்குப் பின்னால் போய் நின்றால் நின்றுகொண்டே இருப்பார். ராத்திரியில் எத்தனையோ தடவை கதவைத் திறந்துகொண்டு பனியில் போவார். தோட்டத்து மருந்துக்காரர் துரைராசா ஐயாவிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அவர் யாழ்ப்பாணத்து மனிதர், நிதானமாகப் பேசுவார்.

"மூத்திரப் பைக்குக் கீழை ஒரு சுரப்பி இருக்கு. அது வீங்கியிருக்கு," என்றார். "வயசாலை வந்த வீக்கமோ, கூடாத கட்டியோ எண்டு தெரிய வேணும். கண்டியிலை ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பாப்பினம். பயப்பிட ஒண்டுமில்லை."

நானும் கூடவே போனேன். ராகலையில் பஸ் ஏறி, நுவரெலியாவில் மாறி, கண்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரியாஸ்பத்திரியில் முதல் நாளே படுக்க வைத்து, வயிற்றைக் கழுவி, மயிர் மழித்தார்கள். மறுநாள் காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். நான் வாசல் பெஞ்சில் மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தரம் சாமி கும்பிட்டு முடிப்பதற்குள் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். மத்தியானத் தூக்கம் கலைந்தவர் மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வலிச்சிச்சாங்க?"

"மொதல்ல மரத்துப்போக ஒரு ஊசி போட்டாங்க. செவத்த எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் அந்த டாக்டரு பின்பக்கமா வெரல விட்டாரு பாரு, அங்கதான் புள்ள, மானம் போச்சு. சதை எடுத்தது யாரோ உள்ளுக்க அமுக்குன மாதிரிதான். இன்னும் ஆரம்பிக்கலயோன்னு நான் படுத்திருக்கேன், முடிஞ்சிருச்சுங்கிறாரு."

சில நாளைக்கு நீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே, நிறையத் தண்ணீர் குடி, பாரம் தூக்காதே, காய்ச்சல் வந்தாலோ நீர் அடைத்தாலோ உடனே வா என்று நர்ஸ் எனக்குச் சொல்லி அனுப்பினாள். சிவப்பாகத்தான் போனது. அப்புறம் தெளிந்துவிட்டது. எடுத்த சதையைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்து, வயசு வீக்கம்தான், கெட்டது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் கோவிலில் தேங்காய் உடைத்தேன்.

ஆனால் லயத்தில் ஒரு செய்தி எதன் வழியாகக் கசியும் என்று யாருக்குத் தெரியும்? டாக்டர் எங்கே விரலை விட்டார் என்கிற விஷயம் எப்படியோ வெளியே வந்துவிட்டது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் ஆண்கள் இவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மற்றவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரிக்க வைத்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அண்ணன் வீட்டு முன்திண்ணை இஸ்தோப்பில் உட்கார்ந்து எடுத்துவிட்டார்.

"ஊசியா மச்சான் அது? ரோட்டுல கல்லு பொளக்குற அலவாங்கு! ரெண்டு பேரு எங் காலு மேல ஏறி உக்காந்துக்கிட்டானுங்க. ஒருத்தன் நெஞ்சு மேல. டாக்டரு செவுத்துல இருந்து ஓடி வந்து குத்துறாரு! 'ஐயோ மாத்தயா, போதும்'னு நான் கத்துறேன். சிங்களத்துல 'தவ டிக்காய்'ங்கிறாரு. இன்னுங் கொஞ்சந்தானாம்! வெளிய இழுத்தா ஈரக்கொலையில பாதி அதோட வருது. பொய்யின்னா மாரியாத்தா எங் கண்ணப் புடுங்கட்டும்!"

டாக்டர் ஓடி வருவதை எழுந்து நின்று நடித்துக் காட்டினார். லயமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான் சிரித்தேன், ஏன் மறைக்க வேண்டும்? இந்த மனிதர் உயிரோடு திரும்பி வந்து கதை அளக்கிறாரே என்கிற சந்தோஷம் எனக்கு. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அண்ணன்தான். கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கார்த்திகை மாதம் பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது ராக்காயி அண்ணி என் பக்கத்தில் வந்து குந்தினாள். அவள் சட்டென்று எதையும் சொல்கிறவள் இல்லை. ஒரே சேலையைத் திரும்பத் திரும்ப அலசிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒங்க அண்ணனுக்கும் அதே சீக்குதான்," என்றாள். "எங்க அண்ணனுக்கு வர்றதுக்கு முந்தியே இவருக்கு வந்திருச்சு. இப்ப இடுப்பும் வலிக்குதாம். மருந்துக்கார ஐயா வெரல விட்டுப் பாத்துட்டு, கல்லு மாதிரி இருக்கு, ஒடனே கண்டிக்குப் போன்னு சொல்லிட்டாரு. நாளைக்குப் போறேன், தீவாளி கழியட்டும்னாரு, இப்ப கவ்வாத்து முடியட்டும்னு இழுக்குறாரு."

"ஏன் இழுக்குறாரு?"

"எங்க அண்ணன் சொன்ன கதையக் கேட்டதுல இருந்துதான். அந்த அலவாங்குக்கு நான் போகமாட்டேன், செத்தாலும் இப்பிடியே சாவுறேங்கிறாரு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு."

அன்று சிரித்த அத்தனை சிரிப்பும் பயத்தை மறைக்கத்தானா? துணியைப் போட்டது போட்டபடி ஸ்டோருக்கே போனேன். இவரை வெளியே கூப்பிட்டு, வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். மனிதர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. தேயிலைத் தூசியைக்கூடத் தட்டாமல் நேராக அண்ணன் வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

அண்ணன் இஸ்தோப்பில் உட்கார்ந்து, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் புளுகு. எறும்புக் கடிதான். மத்ததெல்லாம் நானா சேத்தது. நீ கண்டிக்குப் போ மச்சான். நானே கூட்டிட்டுப் போறேன்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். உதடு மெல்ல விரிந்தது.

"எறும்புக் கடியா? என்னைய அங்க படுக்க வச்சுட்டு, நீ கதவுகிட்ட நின்னு நான் கத்துறதக் கேட்டுச் சிரிக்கலாம்னு வந்தியா?"

"சத்தியமா மச்சான். எந் தங்கச்சி தாலி மேல சத்தியம்!"

"அன்னைக்கு மாரியாத்தா. இன்னைக்கு எம் பொண்டாட்டி தாலி. நாளைக்கு யாரு மேல பண்ணுவ?"

இவர் அழுதே விட்டார். என் வீட்டுக்காரர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் அதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார். "அடேயப்பா, கண்ணீர்கூட வருதே! ஒன்னையக் கூத்துல சேக்காம விட்டுட்டாங்க மச்சான்!"

வாழ்நாளெல்லாம் புளுகிய வாயால் ஒரே ஒரு உண்மையை எப்படிச் சொல்லி நம்ப வைப்பது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. எனக்கு இவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது. பாவமாக இருந்தது.

நான் சும்மா விடவில்லை. மறுநாள் தனியாகப் போனேன்.

"அண்ணே, நான் வாசல்லயே இருந்தவ. ஒரு சத்தங்கூடக் கேக்கல."

"கதவச் சாத்தியிருப்பாங்க."

"சிரிச்சுக்கிட்டே வந்தாருண்ணே."

"மயக்கம் தெளிஞ்சிருக்காது. ஒன் வீட்டுக்காரரு சொல்லிக்குடுத்து அனுப்புனாராக்கும்?"

விடாமல், எங்கே மரக்க வைத்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். அண்ணன் முகம் கறுத்து எழுந்துவிட்டார். "கூடப் பொறந்தவன்கிட்டப் பேசுற பேச்சா இது?" என்று சொல்லிவிட்டு மலைப்பக்கம் போய்விட்டார். அதற்கப்புறம் கொஞ்ச நாள் என் முகத்தையே பார்க்கவில்லை.

துரைராசா ஐயாவும் லயத்துக்கே வந்து சொல்லிப் பார்த்தார். அவருக்கு "சரிங்க ஐயா, போறேங்க ஐயா" என்று கையைக் கட்டிக்கொண்டு பதில். அவர் தலை மறைந்ததும், "அழகுமுத்துகிட்டயும் இப்பிடித்தான் இனிக்கப் பேசி அனுப்புனாங்க" என்று அண்ணன் ராக்காயியிடம் சொன்னாராம். கை காலைக் கட்டித் தூக்கிக்கொண்டா போக முடியும்? மலையில் கத்தி பிடிக்கிற மனிதர் அண்ணன். கவ்வாத்துக்காரர்களில் அவர் வெட்டை எட்டிப் பிடிக்க ஆள் இல்லை. அப்படிப்பட்டவருக்கு ஒரு ஊசியிடம் அவ்வளவு பயம். பயம் என்று ஒத்துக்கொள்ள வெட்கம் வேறு.

அடுத்த கவ்வாத்து வருவதற்குள் அண்ணனால் கத்தியைத் தூக்க முடியவில்லை. இடுப்பு வலி முதுகுக்கு ஏறியது. ஒரு நாள் காலையில் எழுந்து நிற்கப் பார்த்தவர் அப்படியே சரிந்துவிட்டார். தோட்டத்து லொறியில் போட்டு நுவரெலியாவுக்குக் கொண்டுபோனோம். சீக்கு எலும்பில் பரவிவிட்டது, இனிமேல் சதை எடுத்துப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்றார்கள். முன்பே வந்திருந்தால் வைத்தியம் செய்து இன்னும் சில வருஷம் நடமாட விட்டிருக்கலாம் என்று அந்த டாக்டர் இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் இவர் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் வேலை முடிந்தால் இவருக்கு அண்ணன் வீடுதான். தூக்கி உட்கார வைப்பதும், துடைத்துவிடுவதும், சட்டியை ஏந்துவதும் எல்லாம் இவரே. ராக்காயி செய்கிறேன் என்றாலும் விடமாட்டார். கேலி மட்டும் வாயிலிருந்து போய்விட்டது. அண்ணனுக்கு அதுதான் குறை. "என்னா மச்சான், வாயில பல்லி பூந்துருச்சா?" என்று சீண்டிப் பார்ப்பார். இவர் தலையைக் குனிந்துகொள்வார்.

ஒரு பின்னேரம், வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். ராக்காயி, அண்ணன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் குரல் ரொம்பவும் மெலிந்து போயிருந்தது.

"மச்சான், ஒண்ணு கேக்குறேன். இப்பவாச்சும் நெசத்தச் சொல்லு. அந்த ஊசி வலிச்சிச்சா?"

அகப்பை என் கையில் அப்படியே நின்றுவிட்டது. ராக்காயி நிமிர்ந்து தன் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். சாகக் கிடக்கிறவர் இந்தத் தடவை நம்பத்தான் கேட்கிறார். நம்பினால், ஒரு எறும்புக் கடிக்குப் பயந்தா இந்தக் கதிக்கு வந்தோம் என்று தெரிந்துகொண்டு சாக வேண்டும்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன சொல்வேன்?

"வலிச்சிச்சு மச்சான்," என்றார். "உசுரே போயிருச்சு. நான் சொன்னது கம்மி. நீ போகாததுதான் நல்லது."

அண்ணன் மூச்சு மெதுவாக இறங்கியது. முகத்தில் ஒரு சமாதானம். கண்ணை மூடியவர், மறுபடி திறந்தார்.

"அப்ப ஏன் மச்சான் என்னையப் போகச் சொல்லி அந்தப் பாடு படுத்துனே? அழுதியே?"

இவர் கம்பளியை இழுத்து அண்ணனுக்குப் போர்த்திவிட்டார்.

"சும்மா மச்சான். கேலிக்குத்தான்."

அண்ணன் சிரித்தார். எலும்பெல்லாம் வலிக்க, மூச்சு இரைக்க, சத்தமே வராமல் சிரித்தார். "எனக்கு அப்பவே தெரியும்டா. மச்சான் முழியே சரியில்லன்னு அன்னைக்கே ராக்காயிகிட்ட சொன்னேன். நான் ஏமாறலல்ல?" என்று இவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"நீயா மச்சான் ஏமாறுவ?" என்று இவரும் சிரித்தார். அவர் சிரிக்கும்போது கூடச் சிரித்துத்தானே ஆக வேண்டும். ராக்காயி தன் அண்ணனை வெறித்துப் பார்த்தாள். அப்புறம் புருஷன் முகத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றேன்.