திமிங்கிலத் தலைவரின் தேநீர்

இதனால் ஜப்பானின் யைசு துறைமுக மக்கள் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், ஏழு கடலையும் கட்டி ஆண்ட திமிங்கிலத் தலைவர் இன்று காலை மூச்சு விடுவதை நிறுத்திக்கொண்டார்.

திமிங்கிலத் தலைவர் என்பதெல்லாம் ஞாயிறு மாலை டிவி கார்ட்டூனில்தான். வீட்டில் அவர் ஹிசாகிச்சி, நகராட்சிக் குடிநீர்ப் பிரிவின் ஓய்வுபெற்ற தலைவர், மிட்சுயோவின் மாமனார். முகத்தில் வெள்ளைத் துணியோடு, வடக்கே தலை வைத்துப் படுத்திருந்தார். உடல் கெடாதிருக்கப் போர்வைக்குள் வைத்த பனிக்கட்டியை அவர் வயிற்றருகே நகர்த்தினாள் மிட்சுயோ. "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று அவர் சொல்லாதது விசித்திரமாக இருந்தது.

அந்தக் கார்ட்டூனைப் பார்த்துத்தான் அவர் குடும்பத்துக்குப் பதவி பங்கிட்டிருந்தார். எல்லாரையும் மன்னித்தருளும் திமிங்கிலம் அவரேதான். அசையாத கடலட்டை, மகன் தெத்சுரோ. தொட்டதற்கெல்லாம் உப்பிக்கொள்ளும் பேத்தை மீன், மருமகள். திரையில் பேத்தை உப்பும்போதெல்லாம் அவர் மெல்லத் திரும்பி அவளைப் பார்ப்பார். அவள் கன்னமும் உப்பித்தான் இருக்கும். அதுதான் அவளுக்கு எரிச்சல்.

சரி, அவள் பேத்தையாகவே இருக்கட்டும். "இது தேநீரா, குழாய்த் தண்ணியா?" என்று தினமும் காலையில் தொடங்கி மதியம் வரை முணுமுணுக்கும் திமிங்கிலத்தை எந்தக் கடலில் பார்த்திருக்கிறார்கள்?

இறந்தவருக்குப் புதுப்பெயர் சூட்டக் கோயில் பிக்கு வந்து அமர்ந்தார். அந்தப் பெயரைப் பலகையில் பொறித்து வீட்டு மாடத்தில் வைப்பார்கள். அதன் முன்னால் அன்றாடம் தேநீர் வைத்துக் கும்பிடப்போவது மிட்சுயோ.

"ஆள் எப்படிப்பட்டவர்?" என்றார் பிக்கு.

தெத்சுரோ தொண்டையைச் செருமினான். கடலட்டை நகர்ந்தேவிட்டது. "அப்பா கடல் மாதிரி, சாமி. பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை. யாரையும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல."

"பெருங்கடல்... பொறுமை..." பிக்கு தூரிகையை நனைத்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? குளிக்கிற தண்ணி சூடு பத்தலன்னு அவரு..."

"மிட்சுயோ! அப்பா பக்கத்துல படுத்திருக்காரு."

"படுத்திருக்கட்டுமே. காதுல விழட்டும். நாளையிலேர்ந்து பொய்யக் கும்பிடப்போறது நீங்களா, நானா?"

மூலையில் அரிசி வறுவலைக் கடித்துக்கொண்டிருந்த ஃபூமி சிரித்துவிட்டாள். இறந்தவரின் தங்கை, பல்லும் வாயும் இன்னும் கெட்டி.

"எங்கண்ணனா திமிங்கிலம்? போன வாரம் ஆஸ்பத்திரியில கேட்டேனே, 'ஏண்ணே, அந்தப் பொண்ண எதுக்கு இந்த வறு வறுக்கற'ன்னு. என்ன சொன்னாரு தெரியுமா? 'நம்ம வீட்டுல பேத்தை ரெண்டு, ஃபூமி. ஒண்ணு நான். அவ ஒருத்திதான் பதிலுக்கு உப்புறா. கடலட்டையோட எவ்வளவு நேரந்தான் பேசறது?'ன்னாரு."

ஊதுவத்திச் சாம்பல் வளைந்து உதிர்ந்தது. மிட்சுயோ வெள்ளைத் துணியையே பார்த்தாள். மூக்கு இருக்கும் இடத்தில் அது கொஞ்சம் தூக்கி நின்றது.

"இத என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?" என்றாள் துணியிடம்.

பிக்கு தயங்கினார். "பேத்தைன்னெல்லாம் எழுத முடியாதும்மா."

"கடல்னே எழுதுங்க, சாமி. பேத்தையும் அதுலதான கெடக்கு. அந்தப் பொறுமைய மட்டும் எடுத்துடுங்க."

தெத்சுரோ சமையலறைக்குத் தப்பிப்போய், எல்லாருக்குமாகத் தேநீர் போட்டுத் தட்டில் கொண்டுவந்தான். தலைமாட்டில் வைக்க வேண்டிய கிண்ணத்தைக் கையில் எடுத்த மிட்சுயோ அதன் நிறத்தைப் பார்த்தாள். தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"இது தேநீரா, குழாய்த் தண்ணியா?"

தெத்சுரோ திடுக்கிட்டு வெள்ளைத் துணியைப் பார்த்தான்.

தேநீர் உண்மையிலேயே நீர்த்துத்தான் இருந்தது.