வல்லை வெளியில் கழன்ற சில்லு

ஜெனுஷனின் ஜீப்பிலிருந்து வல்லை வெளியில் கழன்ற முன்சில்லு இன்னும் விழவில்லை. ஜீப் குடைசாய்ந்து, ஜெனுஷன் அந்த இடத்திலேயே முடிந்து, சவப்பெட்டி சேமக்காலைக் குழியில் இறங்கிய பிறகும் அது உருண்டுகொண்டே இருந்தது. முதல் வாரம் அதை அச்சுவேலிப் புகையிலைத் தோட்டங்களுக்குள்ளே கண்டார்கள். மாரியில் வல்வெட்டித்துறைக் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்களை விலத்திக்கொண்டு போனது. வெங்காய விலை ஏறி இறங்கியது, சில்லின் வேகம் மாறவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மட்டும் அது உரும்பிராயில் தம்பிஐயாவின் லேத் கடைக்குள் புகுந்து, மெசினைச் சுற்றிவிட்டு வெளியேறும்.

மணற்காட்டுக் கரையில் மீன்பெட்டி ஏற்ற வாங்கிய பழைய ஜீப் அது. ஒடுங்கிய ரயர் மணலுக்குள் புதைந்ததால் ஜெனுஷன் வேறொரு வாகனத்தின் அகலச் சில்லுகளை வாங்கினான். அவற்றில் ஆறு துளை, ஜீப்பின் அச்சு நுனி ஹப்பில் நட்டு ஏறும் ஸ்ரட் ஐந்துதான். தம்பிஐயா இரும்பில் புது ஹப் கடைந்து, ஆறு ஸ்ரட் இறக்கிச் சில்லைப் பொருத்தினார். வேலையில் பிழையில்லை, அதை ஜெனுஷனின் அக்கா மியூரியலும் மறுத்ததில்லை. புது இரும்பும் புதுச் சில்லும் ஓட்டத்தில்தான் ஒன்றோடொன்று படியும், படியும்போது நட்டு தளரும். ஆகவே ஒருக்கா ஓட்டிவிட்டு இறுக்கக் கொண்டு வா என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு, தன் கடையிலிருந்து போகும் எல்லா வாகனத்துக்கும் செய்வதுபோல, நட்டுக்கு நட்டு சந்தனமும் குங்குமமும் வைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காயும் வைத்தார். மெதடிஸ்ட் கோயிலுக்குப் போகிற ஜெனுஷன் மரியாதைக்குக் கைகட்டி நின்றான்.

வெள்ளிக்கிழமை அவன் நட்டு இறுக்கக் கடைக்குத் திரும்பிப் போனான். அன்றிரவு தேத்தண்ணீர் குடித்தபடி அக்காவிடம் சிரித்தான். "பொட்டு வைச்ச நட்டிலை வெள்ளிக்கிழமை ஸ்பானர் போடேலாதாம் அக்கா. திங்கள் வரட்டாம்." சனிக்கிழமை விடிய மீனேற்றப் போனவன் வல்லையைத் தாண்டவில்லை. மரண விசாரணையில் தம்பிஐயா, "நான் சொன்னனான் ஐயா, பொடியன் திரும்பி வரேல்லை," என்றார். அப்படியே எழுதினார்கள். கவலையீனத்தால் செத்தான் என்று ஊர் கதைத்தது. கோயில் வாசலில் வைத்து மியூரியலின் முகத்துக்கு நேரேயும் கதைத்தது. அவள் லேத் கடைக்குப் போய் நியாயம் கேட்டபோது, "செத்தவனை ஏன் பிள்ளை இழுக்கிறியள்?" என்று தம்பிஐயா மெசினை ஓடவிட்டார்.

சில்லு வரத் தொடங்கியபின் அவர் கேற்றைப் பூட்டினார். அது மதிலேறி வந்தது. ஐயரைக் கூப்பிட்டுக் கற்பூரம் கொளுத்தினார், அது கற்பூரத்தை மிதித்துப் போனது. மழையும் கடலும் பட்ட அந்தச் சில்லில், துளைகளைச் சுற்றிச் சந்தனம் ஈரமாகவே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சில்லுக்குப் பின்னால் மியூரியல் தன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கலப்பை திருத்த வந்திருந்த மார்க்கண்டு சில்லைக் காட்டி, "தம்பிஐயா, உன்ரை ஆள் வந்திட்டார், கதிரை போடு," என்றார்.

"ஏன் வருதெண்டும் கேளுங்கோ மார்க்கண்டு அண்ணை," என்றாள் மியூரியல்.

"எனக்கென்ன பிள்ளை தெரியும்?" என்றார் தம்பிஐயா.

"பிள்ளை எண்டு என்னைக் கூப்பிடாதையுங்கோ. என்ரை தம்பி வந்ததும் வெள்ளிக்கிழமைதான். என்ன சொல்லி அனுப்பினனீங்கள்?"

சில்லு அன்று வெளியேறவில்லை. சுற்றிக்கொண்டே நின்றது. றோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். தம்பிஐயா சில்லைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், பிறகு ஏதோ முணுமுணுத்தார்.

"மெசினை நிப்பாட்டிப்போட்டுச் சொல்லுங்கோ."

நிப்பாட்டினார். "வந்தவன். இறுக்கித் தாங்கோ எண்டு கேட்டவன். நான்தான் ஏலாதெண்டனான்."

"ஸ்கூட்டரிலை ஏறுங்கோ. பொலிசுக்கும் இதையே சொல்லுவம்."

கடை உடுப்போடு அவளுக்குப் பின்னால் ஏறிப் போய்ச் சொன்னார். வாக்குமூலம் திருத்தப்பட்டது. கவலையீனம் என்று கதைத்த வாய்கள் இப்போது விதி என்று கதைத்தன, மியூரியலுக்கு அது இன்னும் எரிந்தது. இனி மன்னிக்கலாமே என்று போதகர் வந்து சொன்னபோது, "அதை ஜெனுஷனிட்டைக் கேளுங்கோ," என்று கதவைச் சாத்தினாள்.

உண்மை வந்துவிட்டதால் சில்லு விழுந்துவிடும் என்று சிலர் வல்லையில் போய்க் காத்திருந்தார்கள். அது அவர்களைக் கடந்து உருண்டது. இப்போது பருத்தித்துறை பஸ்காரர் அதற்கு வேகம் குறைக்கிறார்கள். றோட்டுப் போட்டவர்கள் அது உருளவென்று கரையில் ஒரு முழம் தார் கூடுதலாக ஊற்றிவிட்டார்கள். கூட்டுறவுக் கடை வேலை முடிந்து வரும் மியூரியல் கண்ணாடியில் அதைக் கண்டால் ஸ்கூட்டரை இடப்பக்கம் ஒதுக்குவாள். அது முந்திப் போகும்.