நடுத்தண்ணீரில் ஒரு முட்டை

வேலுமணி அட்டைத் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். பிடிக்கவில்லை. வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். நாற்பதாயிரம் கோழி வளர்க்கிற மனிதருக்கு, மகள் பள்ளிக்கூடத்தில் காட்டப்போகிற ஒற்றை முட்டைக்கு மனசு ஒப்பவில்லை.

“இந்தா சாமி, இதுல ஒரு புள்ளிகூட இல்ல.”

மதுமதி வாங்கிக்கொண்டாள். பதினோரு மணிக்கு அவள் படித்த பள்ளியில் பாராட்டு விழா. கடலுக்கடியில் கருவி ஓட்டும் நாமக்கல் பெண் என்று போன மாதம் பத்திரிகையில் நாலு பத்தி வந்ததிலிருந்து அப்பாவின் கால் தரையில் பாவவில்லை. தீவன லாரிக்காரர், கோழிக்கு ஊசி போட வருகிறவர் என்று யார் வந்தாலும் பிடித்து உட்காரவைத்து, “என்ற பொண்ணு கடலுக்குள்ள வண்டி ஓட்டறா, டிரைவரே இல்லாத வண்டி” என்று ஆரம்பித்துவிடுவார். அம்மா பழனியம்மாள் பட்டுப்புடவையைத் தேய்த்துக் கட்டில்மேல் விரித்திருந்தாள். அந்த வண்டி காணாமல் போய் ஒன்பது நாளாகிறது என்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

மஞ்சள் நிறத்தில் ஓர் ஆள் உயரமிருக்கும் அந்தக் கிளைடர். விசிறி கிடையாது, இரைச்சல் கிடையாது. வயிற்றிலிருக்கும் எண்ணெயை வெளியிலிருக்கும் பைக்குள் தள்ளினால் மிதக்கும், உள்ளே இழுத்துக்கொண்டால் மூழ்கும். அப்படியே சறுக்கிச் சறுக்கி ஆழத்துக்குப் போய் மேலே வரும். வழியெல்லாம் தண்ணீரின் வெப்பத்தையும் உப்பையும் குறித்துக்கொள்ளும். மேலே வந்ததும் வாலைத் தூக்கிச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும். எங்கே வந்திருக்க வேண்டியது, எங்கே வந்து நிற்கிறது என்ற வித்தியாசத்தில் நீரோட்டத்தின் போக்கும் தெரிந்துவிடும். சென்னையில், ஒரு கடலாய்வு நிலையத்தின் அறையில் உட்கார்ந்து மதுமதி அதற்குத் திசை சொல்வாள். கடலில் விட்ட மூன்றாம் நாள் அது மூழ்கியது. வாலைத் தூக்கவே இல்லை. ஆபத்துக்குக் கழன்று விழவேண்டிய எடையும் கழலவில்லை போலிருக்கிறது.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். கடலில் விடுவதற்கு முன்னால், அந்தத் தண்ணீரின் உப்புக்கு ஏற்ப உள்ளே ஈயத்தகடுகளை வைத்து எடை சரிபார்க்க வேண்டும். அவள் பார்க்கவில்லை. ஏப்ரலில் போன பயணத்தின் தாளை எடுத்து, லிட்டருக்கு முப்பத்துமூன்று கிராம் உப்பு என்று இருந்ததை அப்படியே எழுதிவிட்டாள். இதுவோ மழை கொட்டித் தீர்ந்த டிசம்பர். ஆற்று வெள்ளமெல்லாம் கரையோரமாகக் கடலின் மேலாக ஓடிக்கொண்டிருக்கும் காலம். கிளைடர் கடைசியாக அனுப்பிய வரியில் இருபத்தேழு என்று இருந்தது. அந்த வரியைப் பார்த்த கணத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

அதைவிடக் கூச்சம் வேறொன்று. விசாரணைக் கேள்வித்தாளில் காரணம் கேட்டிருந்த இடத்தில், ‘படகிலிருந்து இறக்கும்போது வால்பகுதி இடிபட்டிருக்கலாம்’ என்று எழுதினாள். பொய் என்று யாரும் சொல்ல முடியாதபடி ஒரு ‘லாம்’ போட்டு எழுதினாள். இறக்கியவர் சுப்பையன். பழவேற்காட்டுக்காரர். பத்து வருஷமாக நிலையத்தின் படகில் வேலை பார்ப்பவர். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். இன்று மதியத்துக்குள் அவள் அந்தத் தாளை உறுதிசெய்து அனுப்பிவிட்டால், பிறகு அவர் வரவே வேண்டியதில்லை.

கைப்பேசி அடித்தது. சுப்பையன்தான். எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தாள்.

“மேடம், வீட்டு விசேசத்துல இருப்பீங்க, தொந்தரவு பண்றேன். வால இடிச்சியான்னு என்னாண்ட கேக்குறாங்க மேடம். கொழந்தயத் தூக்குறாப்ல தூக்கித்தான எறக்கினேன். நீங்க கேமராவுல பாத்துட்டுதான இருந்தீங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க.”

“சரிங்க. பாக்கறேன்” என்று வைத்துவிட்டாள். எழுதியது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அவளையே சிபாரிசுக்குக் கூப்பிடுகிறார். முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் முட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“யாரு கண்ணு?” என்றார் வேலுமணி.

“ஆபீசுங்கப்பா.”

“லீவு நாள்லகூட உடமாட்டேங்கறாங்க பாரு. அவ்வளவு பெரிய வேலை” என்று அவர் சமையலறைப் பக்கம் திரும்பிச் சொன்னார். பழனியம்மாளுக்குக் கேட்கவேண்டும் என்றுதான் அத்தனை சத்தம்.

ஒத்திகை பார்த்தாக வேண்டும். உயரமான கண்ணாடிச் சாடியில் பாதிவரைக்கும் கல்லுப்பைக் கரைத்து வைத்திருந்தாள். அதன்மேல் நல்ல தண்ணீரை, ஒரு கரண்டியின் முதுகில் விழவைத்து, கலங்காமல் மெல்ல ஊற்றினாள். பிறகு முட்டையை விட்டாள். அது மேல்தண்ணீரில் சரசரவென்று இறங்கி, சாடியின் நடுவில் வந்து நின்றது. அடியில் எதுவும் தாங்கவில்லை, மேலே எதுவும் பிடிக்கவில்லை. சும்மா நின்றது.

“அட!” வேலுமணி குனிந்து, மூக்கு கண்ணாடியில் படப் பார்த்தார். “இதென்ன, பாதியிலயே நின்னுபோச்சு?”

“கீழ உப்புத்தண்ணிங்கப்பா, அது கனம். மேல நல்லதண்ணி, லேசு. உப்புத்தண்ணிக்கு மேல வர்ற தெம்பு இருக்குது. நல்லதண்ணியத் தாண்டி வர்ற தெம்பு இல்ல.”

“உங்க வண்டியும் இப்படி மாட்டிக்குமா?”

“மாட்டிக்குங்க.”

அவர் சாடியை அந்தப் பக்கமாகவும் போய்ப் பார்த்தார். குறை சொல்லும் எண்ணமெல்லாம் அவருக்கில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார். “அப்ப, உடறதுக்கு முன்னாடியே தண்ணி எப்படி இருக்குதுன்னு பாத்துப்போட்டுத்தான உடுவீங்க?”

மதுமதிக்கு அன்றைக்குப் படகின் கேமராவில் பார்த்தது கண்முன் வந்தது. சுப்பையன் படகின் விளிம்பில் குனிந்து, ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். பிறகு நிமிர்ந்து அவளிடம் ஏதோ சொன்னார். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “நேரமாச்சு, விடுங்க” என்றாள்.

“ஏஞ்சாமி, மூஞ்சி ஒருமாதிரி ஆயிப்போச்சு?”

அவள் கைப்பேசியை எடுத்துச் சுப்பையனை அழைத்தாள். ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் சாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். தனியாகப் போய்ப் பேசினால் மறுபடியும் ஒரு ‘லாம்’ வந்து ஒட்டிக்கொள்ளும் என்று பயமாக இருந்தது.

“சொல்லுங்க மேடம்.”

“அண்ணா, அன்னிக்குத் தண்ணிய வாயில வெச்சுப் பாத்துட்டு எங்கிட்ட என்ன சொன்னீங்க?”

அந்தப் பக்கம் காற்று மட்டும் இரைந்தது. வேலுமணி மகளையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அது எதுக்கு மேடம் இப்ப?” குரல் தணிந்திருந்தது. “தண்ணி சப்புனு கீது, உப்பு கம்மி, வாலு சரியா நிக்கல, இன்னிக்கு வேணாம்னு சொன்னேன். நீங்க விடச் சொன்னீங்க. அத நான் யாராண்டயும் சொல்லல மேடம். விசாரணையிலயும் சொல்லல. நீங்க சின்ன வயசு, வேலைக்கு ஏதாச்சும் ஆயிடப் போவுது.”

மதுமதி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வேலுமணியின் முகத்திலிருந்த சிரிப்பு இறங்குவதை அவள் பார்த்தாள்.

வாசலில் பள்ளிக்கூடத்துக் கார் வந்து ஹாரன் அடித்தது. “புடவையக் கட்டலியா இன்னும்?” என்று பழனியம்மாள் உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

“மேடம்? லைன்ல கீறீங்களா?”

“இருக்கறேங்கண்ணா” என்றாள். “வெச்சுடாதீங்க. நான் ஒண்ணு சொல்லணும்.”

மறுபடியும் ஹாரன் அடித்தது. வேலுமணி போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். மேசை லேசாக அசைந்தது. சாடியின் நடுவில் முட்டை ஒரு விரலளவு ஏறி, ஒரு விரலளவு இறங்கி, பழைய இடத்துக்கே வந்து நின்றது.