கடைசி முறுக்கு

அவள் பிறந்த வீட்டில் அப்பா மெக்கானிக், அண்ணன் மெக்கானிக், சித்தப்பாவுக்கு டயர் கடை. வாசல் கதவின் கைப்பிடி எப்போதும் கறுப்பாகவே இருக்கும். “எங்க வீட்டுல எல்லாருக்கும் மரை கழண்டிருக்கு. அதான் ஊர் வண்டிக்கெல்லாம் முடுக்கிக்கிட்டுத் திரியறாங்க” என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். கட்டினால் பேனா பிடிக்கிறவனைத்தான் கட்டுவேன் என்று சவடால் வேறு. கடைசியில் அப்பாவின் ஷெட்டில் வேலை பார்த்தவரையே கட்டிக்கொண்டாள். காரணம் அவருடைய கை. இஞ்சினுக்குள் விழுந்த திருகாணியை, முகத்தை எங்கோ திருப்பி வைத்துக்கொண்டு, இரண்டே விரலால் துழாவி எடுத்துவிடுவார். அந்த விரல்களைப் பார்த்தவளுக்குப் பேனாக்காரன் மறந்தே போனான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் தனியாக ஷெட் போட்டார். கீழே வண்டிகள், மேலே வீடு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயத்தில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் தேநீர்க் குவளையில் தெரிந்தது. பிறகு சட்டைப் பொத்தானில். பிறகு நட்டில். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “மாத்திரை கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். ஆனா இது வளர்ற வியாதிம்மா” என்றார். கூட வேலை பார்த்த ஆள் நிலைமையைப் பார்த்து மெல்ல வேறு ஷெட்டுக்கு நழுவிவிட்டான்.

அண்ணன் வந்தான். பூட்டிக் கிடந்த ஷெட்டைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான்.

“நம்ம வீட்டுப் பொண்ணுக்கு ஸ்பேனர் என்ன புதுசா? மாப்பிள்ளை சொல்லட்டும், நீ செய்.”

“எனக்கு அதெல்லாம் வராதுண்ணே.”

“பசி வந்தா எல்லாம் வரும்.”

அப்படித்தான் அவள் கணவரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தாள். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இவள் செய்தாள். கண்ணில் துரு கொட்டியது, காதுக்குள் ஆயில் போனது. மல்லாந்து படுத்தால் எது இடது, எது வலது என்றே பிடிபடவில்லை. கழற்ற வேண்டிய போல்ட்டை முடுக்கோ முடுக்கென்று முடுக்கி, ஒருநாள் உடைத்தே விட்டாள்.

“என்ன, உடைச்சுட்டியா?”

“அதுவா உடைஞ்சுதுங்க.”

“அதுவா உடையறதுக்கு அது என்ன பென்சில் முனையா?”

அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த ஷெட்டில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதோடு சரி.

அவள் வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டாள், அதுதான் வினை. ரத்தத்திலேயே இருந்ததோ, வயிறு விரட்டியதோ, அவளே எதிர்பார்க்காத வேகத்தில் வந்தது. பிரேக்கைப் பிரித்துப் போட்டாள். கிளட்சை இறக்கி ஏற்றினாள். அவள் ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போதெல்லாம் அவருக்குச் சொல்ல ஒன்று குறைந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தபடி வாயைத் திறப்பார். அதற்குள் இவள் கை அந்த வேலையைத் தாண்டிப் போயிருக்கும். அவர் வாயை மூடிக்கொள்வார்.

ஒன்றை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சக்கரத்தை மாட்டியதும் நட்டுகளைக் கடைசியாக முடுக்குவது அவர்தான். “கடைசி முறுக்கு என் கையால விழணும். என்னை நம்பித்தான் வண்டியை விட்டுட்டுப் போறான்” என்பார். ஸ்பேனர் நட்டில் உட்காராமல் தடதடவென்று அடித்துக்கொள்ளும். நழுவி விரல் கணுவைப் பெயர்க்கும். அவள் எதையோ தேடுவதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். முடித்துவிட்டு அவர் மாடிக்குப் போனதும், சத்தம் வராமல் எல்லா நட்டையும் மறுபடி முடுக்குவாள். சிலது மரை மாறிக் கோணலாக ஏறியிருக்கும். அதைக் கழற்றி நேராக்கி மாட்டுவாள்.

ஒரு மத்தியானம் டாக்சிக்காரரின் வண்டி. கணவர் முடுக்கிவிட்டு மாடிக்குப் போனார். அவள் குனிந்து, ஸ்பேனரைக் காலால் மிதித்து முடுக்கிக்கொண்டிருந்தாள். மறந்துபோன கண்ணாடியை எடுக்க அவர் திரும்பி வந்து படிக்கட்டின் கீழே நின்றதை அவள் கவனிக்கவில்லை.

“எத்தனை நாளா?”

அவள் நிமிர்ந்தாள். “டாக்சி வண்டிங்க... குடும்பம் குட்டியோட ஏறுவாங்க...”

“நான் அதைக் கேக்கல.”

“ஆரம்பத்துல இருந்தேதாங்க.”

அவர் மேசையிலிருந்த கண்ணாடியை எடுக்கப் பார்த்தார். அது விரலுக்குச் சிக்காமல் வழுக்கிக்கொண்டே போனது. எடுத்துக் கொடுக்கவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் அவள் நின்றாள். ஒருவழியாக எடுத்துவிட்டார்.

“சரியாத்தான் செய்யறே. முடுக்கு” என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் அவர் இறங்கி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு வண்டியில் புரியாத சத்தம் கேட்டது. உண்மையிலேயே அவளுக்குப் பிடிபடவில்லை. “என்னங்க, கொஞ்சம் வந்து கேளுங்களேன்” என்று படியில் நின்று கெஞ்சினாள். “உனக்குத் தெரியும்” என்றார். வண்டியை ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தி இஞ்சினை முறுக்கினாள். தெருமுனையில் வரும் வண்டிக்கே என்ன கோளாறு என்று சொல்லக்கூடிய மனுஷன். மேலே ஜன்னல் கதவு சாத்தப்படுவது தெரிந்தது.

அண்ணன் வந்து பேசிப் பார்த்தான். பிள்ளைகளின் படிப்பு, மழை, அடுத்த தேர்தல் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன மாப்பிள்ளை, ஷெட் என்றதும் சுவரைப் பார்த்தார்.

“நான் கத்துக்காமலே இருந்திருக்கணும்ணே” என்றாள் அவள், வாசலில்.

“கத்துக்காம? சோத்துக்கு என்ன செஞ்சிருப்பே?”

அவள் ஷெட்டுக் கதவைத் திறக்கப் போனாள்.

ஷெட் நன்றாகவே நடந்தது. “உங்க வீட்டுக்காரர் கை பட்டுச்சா?” என்று வாடிக்கைக்காரர்கள் கேட்பார்கள். “பட்டுச்சு” என்பாள். சாயங்காலம் மேலே போனால் அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். இப்போது கரண்டியும் பிடிக்க முடிவதில்லை. அவள் பிசைந்து ஊட்ட வேண்டும். ஒருநாள் முதல் வாயிலேயே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஆயில் நாத்தம் அடிக்குது. கையைக் கழுவிட்டு வா.”

கழுவிவிட்டுத்தான் வந்திருந்தாள். இருந்தும் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். உள்ளே கேட்காத அளவுக்குத் தண்ணீர் சத்தமாகக் கொட்டட்டும் என்று முழுசாகத் திருகிவிட்டு, அதன் கீழே கையை நீட்டிக்கொண்டு அழுதாள்.