சிலுவைச் சிராயின் வாசம்

மறையூர் சந்தன டிப்போவில் கண்ணைக் கட்டிவிட்டாலும் முகர்ந்தே கட்டையின் தரம் சொல்பவர் பாண்டித்துரை. இயேசுவின் சிலுவையில் பெயர்ந்த சிராய் என்று ஊர்ச் சர்ச்சில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாயிரம் வருஷத்துக் கட்டையை அவர் முகர்ந்ததில்லை. போலிக் கட்டையை நிறைய முகர்ந்திருக்கிறார்.

மனைவி ராமுத்தாய் சிரிக்கவில்லை. மறுநாள் அவளுக்கு இருதய ஆபரேஷன்.

"நீங்க மோந்து பாத்து நெசம்னு சொல்லுங்க. பயப்படாமப் போறேன்."

இருவரும் சிராய்ப் பேழையை முத்தமிடும் வரிசையில் நின்றார்கள். முறை வந்ததும் முத்தமிடுவதுபோல் குனிந்து மூச்சை இழுத்தார். கண்ணாடிக்குள் இருந்த சிராய் மணக்கவே இல்லை. கண்ணாடிதான் மணந்தது. வெல்லப்பாகு, ஏலக்காய், தேயிலைக் கொழுந்து, தலைவலித் தைலம், யாரோ அழுத உப்பு. முத்தமிட்டுப் போன அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். ஃபாதர் துணியால் துடைத்துத் துடைத்தும் ஒருவர்கூடப் போகவில்லை.

"என்ன மரங்க?" என்று ராமுத்தாய் கிசுகிசுத்தாள்.

"தெரியல புள்ள. மரம் மணக்கல. சனந்தான் மணக்குது. ஊரே இதுக்குள்ள இருக்கு."

"இத்தன பேருமா?" என்று வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவள் குனிந்து முத்தமிட்டாள்.

அவள் நிமிர்ந்ததும் பாண்டித்துரை மறுபடி முகர்ந்தார். இப்போது அவளும் இருந்தாள்.